பேய்க்கு வயது பன்னிரண்டு

"பயம் ஒன்று. மூன்றாவது நிமிஷம். செம்பனை மரங்களுக்கு நடுவிலே பிள்ளை நிற்கிறாள். முகம் வெள்ளை. ரத்தம் இல்லை."

சிவபாதம் சார் வாசித்து நிறுத்தினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "ஆட்சேபம் இருக்கோ?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை. தாளில் ஒரு சின்ன 'டிக்' போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"பயம் இரண்டு. ஒன்பதாவது நிமிஷம். அலமாரிக்குள்ளே இருந்து கை வருகிறது. கை மட்டும்."

அந்தக் கைக்குச் சொந்தக்காரி என் எடிட்டிங் மேசைக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தர்ஷினி. வயது பன்னிரண்டு. எங்கள் படத்தின் பேய். பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு, நெத்திலியைத் தனியாகப் பொறுக்கி ஓரத்தில் வைக்கும் பேயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் அறை. கீழே மல்லிகை, மேலே பேய். கடைக்காரர் மாடிப்படி ஓரத்தில் நாள்காட்டி மாட்டியிருந்தார், தினமும் கிழிக்கிற தமிழ் நாள்காட்டி. சிவபாதம் சார் அதைப் பார்க்காமல் ஒரு படி ஏறமாட்டார். ராகுகாலத்தில் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு தடவை அஷ்டமி என்று சொல்லிப் படப்பிடிப்பையே நிறுத்தினார். வாடகைக் கேமரா அன்று முழுக்கப் பெட்டிக்குள்ளேயே தூங்கியது.

அவர்தான் தயாரிப்பாளர். யாழ்ப்பாணத் தமிழர், நில அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று பேர்தானே தவிர, மனிதர் கோப்பை விடவில்லை. படத்துக்கு நீல அட்டை போட்ட ஒரு கோப்பு வைத்திருந்தார். நடிகர்களின் அடையாள அட்டை நகலிலிருந்து நாங்கள் சாப்பிட்ட ரொட்டி சானாய் ரசீது வரை எல்லாம் துளையிட்டு அதில் ஏறிவிடும்.

அன்றைக்கு அவர் வாசித்தது தணிக்கைக்குப் படத்தோடு அனுப்ப வேண்டிய குறிப்பு. மொத்தம் பதினொரு பயங்கள்.

### யாரை வெளியில் நிறுத்துவது

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே எல்லாரும் பார்க்கலாம் என்று ஒரு சான்றிதழ் உண்டு. அடுத்து பி-பன்னிரண்டு: சின்னப் பிள்ளைகள் பெற்றவர்கள் துணையோடு வரலாம். அதற்கு மேல் பதிமூன்று, பதினாறு, பதினெட்டு. அந்த வயது நிரம்பாதவர்கள் வாசலோடு சரி. நமக்கு இது போதும் என்று நாம் எழுதிக் கேட்கலாம். கொடுப்பது தணிக்கை வாரியத்தின் கையில்.

எங்கள் இயக்குநர் சரவணன் கிள்ளான் பக்கத்து மேரு ஊர்க்காரன். இருபத்தெட்டு வயது, முதல் படம். அவனுக்குப் பதினெட்டு வேண்டும்.

"அக்கா, பதினெட்டுன்னு போஸ்டர்ல இருந்தாத்தான் அக்கா ஒரு கெத்து. பி-பன்னிரண்டு போட்டா பேய்ப்படம்னு யார் நம்புவா? பேய்க்கு பவுடர் போட்டு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுல விட்ட மாதிரி இருக்கும் லா."

சிவபாதம் சாருக்கு பி-பன்னிரண்டு வேண்டும். "நீர் கெத்தைக் கட்டிக்கொண்டு தனியா உட்கார்ந்து பாரும். குடும்பம் வரவேணும்."

இதில் நான் சார் பக்கம். படம் வெட்ட வருமுன் சில வருடம் கிள்ளானில் ஒரு விநியோக ஆபீசில் இருந்தேன். அங்கே கண்ணால் பார்த்தது இது. ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு வேனில் ஒரு குடும்பம் வந்திறங்கியது. பாட்டி முதல் பேரன் வரை பதினாலு பேர். படத்துக்குப் பதினெட்டு. கூட்டத்தில் ஒரு பையனுக்குப் பத்து வயது. வாசலில் நிறுத்திவிட்டார்கள். "நீங்க போங்க, நான் இவன வெச்சிக்கிட்டு வெளிய இருக்கேன்" என்றார் ஒரு சித்தப்பா. உடனே சித்தி, அவர் இல்லாமல் நான் எப்படி என்றார். சித்தி போகாவிட்டால் அவர் அக்கா போகமாட்டாராம். ஐந்து நிமிடத்தில் பதினாலு பேரும் திரும்ப வேனில் ஏறி, வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டார்கள். நம் ஆட்கள் ஒருவரை விட்டுவிட்டுப் படம் பார்க்கமாட்டார்கள். இதை எந்தச் சான்றிதழிலும் எழுதவில்லை.

தர்ஷினி கையை நக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். "அங்கிள், அப்ப நான் தியேட்டர்ல பார்க்கலாமா, முடியாதா?"

பி-பன்னிரண்டு என்றால் அம்மாவோடு வரலாம். அதற்கு மேல் எதுவானாலும் அவளால் உள்ளே போக முடியாது. தான் நடித்த படத்தை. அதுவும் பேயாக.

"நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். "டீச்சர் கிட்டகூட."

அவள் அம்மா லெட்சுமி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மகளின் படப்பிடிப்புக்காக எத்தனையோ நாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டவர். "தர்ஷி, பெரியவங்க பேசுறாங்கல்ல" என்று அதட்டினார். ஆனால் அவருடைய கண்ணும் சார் பக்கம்தான் போயிற்று.

"பார்க்கலாம், பிள்ளை" என்றார் சார். "அதுக்குத்தானே இவ்வளவும் எழுதுறன்." பிறகு தாளைத் திருப்பினார். "நல்ல விஷயங்களையும் குறிச்சிருக்கிறன். சாமி விளக்கு ஒரு இடத்திலே வருகுது. அறுபத்தோராவது நிமிஷம் அடுப்பிலே பால் பொங்குகுது. மங்களம். அதைத் தனியா எழுதியிருக்கு."

எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

### ஒலியை அடைத்து வெட்டுகிறவள்

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பேய்ப்படம் என்றால் பயம். இந்த வயதிலும் பயம்.

காரணம் என் அப்பா. நான் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது கிள்ளானில் ஒரு பழைய கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அப்போதெல்லாம் வயதை யார் கேட்டார்கள்? தோளில் கிடந்தால் டிக்கெட்டே கிடையாது. பக்திப் படம் என்று நினைத்து உள்ளே போய்விட்டார். முதல் பத்து நிமிடத்தில் சாமிக்குப் பதிலாக வேறு ஏதோ வந்தது. காசு கொடுத்தாயிற்றே என்று அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கண்ணை மூடலாம், காதை எப்படி மூடுவது? அந்தக் கதவு கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அதனால் நான் பேய்ப்படம் வெட்டும்போது ஒலியை அடைத்துவிடுவேன். வசனக் காட்சிகளுக்கு மட்டும் திறப்பேன். மற்ற நேரமெல்லாம் ஊமைப்படம்தான். ஒலியில்லாத பேய் பாவம், வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்தால் தண்ணீர் கொடுக்கத் தோன்றும்.

அந்த அறுபத்தோராவது நிமிடம் வசனமில்லாத காட்சி. பேயாகும் முன் அந்தப் பிள்ளை மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எதிரே மூடிய கதவு. அடுப்பில் பால் கொதித்து, பொங்கி, வழிகிறது. நிறுத்த யாரும் வரவில்லை. எனக்கு அந்தப் பால் நுரை வழிகிற அழகு பிடித்திருந்தது. கொஞ்சம் நீளமாகவே விட்டுவைத்தேன். சிவபாதம் சார் என் மேசையில் உட்கார்ந்து என் பிரதியைப் பார்த்துத்தான் பட்டியல் போட்டார். அவரும் பார்த்தது ஊமைப்படம். பால் பொங்கினால் நம் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்?

### பங்சாரில் ஒரு மத்தியானம்

பங்சாரில் ஒலிப்பதிவுக் கூடம். தர்ஷினி குரல் கொடுக்க வந்திருந்தாள். முதலில் பேயின் அலறல்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்து அலறினாள், முடித்ததும் சிரித்தாள், "இன்னொண்ணு எடுக்கலாமா, அண்ணே?" என்றாள். சரவணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அந்த மேசைக்கடி காட்சி. அவள் மெல்ல "அம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காதொலிப்பான் மாட்டியிருந்தாள். திரையில் பால் கொதிக்க ஆரம்பித்தது.

அவள் காதொலிப்பானைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். "என்ன தங்கம்? தலவலியா?"

"அந்தச் சத்தம் வேணாம், அக்கா."

"எந்தச் சத்தம்?"

அவள் கண்ணாலேயே காதொலிப்பானைக் காட்டினாள். நான் காதொலிப்பானை எடுத்து மாட்டிக்கொண்டேன். சரவணனிடம் கையைக் காட்டி மறுபடி ஓடவிடச் சொன்னேன். அப்போதுதான் முதன்முதலாக, படப்பிடிப்புக்குப் பின் சரவணன் சேர்த்த ஒலியோடு, அந்தக் காட்சியைக் கேட்டேன். மூடிய கதவுக்குப் பின்னால் பெல்ட். ஒரு அடி, கொஞ்ச நேரம் எதுவுமில்லை, மறுபடி ஒரு அடி. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அதன்மேல் பால் சீறுவது.

காதொலிப்பானைக் கழற்றினேன். இதை வாரக்கணக்கில் வெட்டி ஒட்டி, அழகு என்று நீட்டியும் வைத்தவள் நான்.

"சரவணா, இத ஏன் சொல்லல?"

"எத, அக்கா?" அவன் நிஜமாகவே விழித்தான். "அது ஃபேமிலி சீன்தான அக்கா? பேய் சீன் இல்லையே. எல்லாப் படத்துலயும் வரதுதான லா."

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னது பொய்யும் இல்லை. நாம் பார்த்து வளர்ந்த படங்களில் அறை விழாத குடும்பம் எது? அலமாரிக்குள்ளிருந்து வந்த கையைப் பயம் என்று எழுதிய நாங்கள் யாரும் இதை எழுதவில்லை.

லெட்சுமி எழுந்து வந்து மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க வீட்ல முன்ன இருந்த சத்தம், அக்கா. இப்ப இல்ல. மூணு வருஷமாச்சு. இப்ப நாங்க ரெண்டு பேர்தான், நல்லா இருக்கோம்."

### பயம் பன்னிரண்டு

சிவபாதம் சாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பத்து நிமிடம். கோப்போடு வந்தார். காதொலிப்பானை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். பிறகு பட்டியலை எடுத்தார். 'மங்களம்' என்ற வார்த்தையை அளவுகோல் வைத்து அடித்தார். கீழே எழுதினார்: பயம் பன்னிரண்டு.

"இப்ப என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார்.

வழி சுலபம். ஒலியை எடுத்துவிட்டால் மீதி வெறும் பால். பி-பன்னிரண்டுக்கு இடைஞ்சல் இல்லை, தர்ஷினியும் படம் பார்ப்பாள். நான் அதைத்தான் சொன்னேன். சரவணன், அதை எடுத்தால் அந்தப் பிள்ளை ஏன் பேயானாள் என்று படத்தில் வேறெங்கும் இல்லையே என்றான். இந்தத் தடவை அவன் கெத்துக்காகப் பேசவில்லை.

யாரும் எதிர்பார்க்காமல் லெட்சுமி பேசினார்.

"எடுக்காதீங்க, சார். அது அப்படித்தான் இருக்கும். கதவு மூடியே இருக்கும், வெளிய யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா சின்னப் பிள்ளைங்க பார்க்க வேணாம். கொஞ்சம் புரியிற வயசு வரட்டும்."

சிவபாதம் சார் தாளைப் பார்த்தபடியே, "அப்ப பதிமூன்று" என்றார்.

"அப்ப நான்?" என்றாள் தர்ஷினி.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சார் முகத்தை. நீங்கள்தானே பார்க்கலாம் என்றீர்கள் என்கிற பார்வை அது. அவள் அழுதாள். பேய்க்கு அலறிய குரல் இல்லை இது, சின்னக் குரல். எனக்கு அந்தச் சான்றிதழ், வாரியம், படம் எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. எல்லாவற்றையும்விட என் மேல்.

மறுநாள் சார் பதிமூன்று கேட்டு எழுதினார். பன்னிரண்டு பயங்களையும் ஒளிக்காமல் எழுதினார். சில வாரத்தில் பதில் வந்தது. வெட்டு இல்லை. பதிமூன்று.

### அஷ்டமி

பள்ளி விடுமுறையில் வெளியிடுவதாகத்தான் பேச்சு. தியேட்டரும் ஒப்புக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் சார் வந்து, படம் மூன்று வாரம் தள்ளிப் போகிறது, வியாழக்கிழமை வெளியீடு என்று அறிவித்தார்.

"விடுமுறை முடிஞ்சிடுமே, சார்! மறு வாரமே சென்னையிலிருந்து பெரிய படம் வருது. நம்மள தூக்கிடுவாங்க" என்று சரவணன் தலையில் கைவைத்தான்.

"நாள் நல்லா இருக்குது" என்றார் சார். அதோடு பேச்சு முடிந்தது.

மாடிப்படி இறங்கும்போது எனக்கு ஏதோ அரித்தது. கீழே பூக்கடை நாள்காட்டியில் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை அஷ்டமி. மனிதருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவரிடம் நாள் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் ஏது?

அந்த வியாழக்கிழமை கிள்ளானில் சாயங்காலக் காட்சிக்குப் போனேன். சரவணன் பாப்கார்ன் விற்கும் இடத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். சார் முழுக்கைச் சட்டையில், கையில் நீலக் கோப்போடு. படத்துக்கு எதற்குக் கோப்பு என்று நான் கேட்கவில்லை, கேட்டுப் பயனுமில்லை.

வரிசையில் தர்ஷினி நின்றாள்.

புதுப் பாவாடை சட்டை, தலை நிறையப் பூ. பின்னால் அம்மாவும் அவளைவிட மூத்த இரண்டு தோழிகளும். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "தங்கம், வேணாம் லா. உள்ள விடமாட்டாங்க. எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடும்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். டிக்கெட் பார்க்கும் மலாய்க்காரத் தம்பி சுவரொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அடிக், ஐ.சி. இருக்கா?" என்று மலாயில் கேட்டான், அடிக் என்றால் தங்கச்சி.

அவள் அடையாள அட்டையை நீட்டினாள். நம் ஊர் அட்டையில் முதல் ஆறு எண்ணும் பிறந்த தேதி. அவன் அதைப் படித்தான். கைத்தொலைபேசியில் அன்றைய தேதியைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் படித்தான். பிறகு டிக்கெட்டைப் பாதியாகக் கிழித்து, அட்டையோடு சேர்த்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

"ஹேப்பி பர்த்டே, அடிக்."

நான் திரும்பி சிவபாதம் சாரைப் பார்த்தேன். அவர் அடுத்த வாரம் வரப்போகும் வேறு ஏதோ படத்தின் சுவரொட்டியை மிகுந்த அக்கறையோடு வாசித்துக்கொண்டிருந்தார். நடிகர்களின் அடையாள அட்டை நகல் எல்லாம் யார் கோப்பில் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

படத்தில் சனங்கள் பதினொரு இடத்தில் அலறினார்கள். தர்ஷினி பதினொரு இடத்திலும் சிரித்தாள். தோழிகள் அவள் முதுகில் அடித்தார்கள். பால் பொங்கும் காட்சியில் யாரும் அலறவில்லை. பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று. நான் காதை மூடாமல் முழுசாகக் கேட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். தர்ஷினியும் மூடவில்லை. அவளுடைய ஒரு கை அம்மாவின் கையில் இருந்தது, இன்னொன்றில் பாப்கார்ன்.

வெளியே வந்ததும் சாரிடம் மெல்லக் கேட்டேன். "சார், இன்னைக்கு அஷ்டமி."

"எனக்குத் தெரியாதோ?" என்றார். "உமக்கு மட்டும்தான் நாள்காட்டி இருக்குதோ?"

படம் ஒரே வாரம் ஓடியது. சென்னைப் படம் வந்து, சரவணன் பயந்தபடியே எங்களைத் தூக்கிவிட்டார்கள். சார் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படம் பார்த்த அன்றைக்கே தியேட்டர் வாசலில் அவர் தர்ஷினியை அருகில் கூப்பிட்டார். "பிள்ளை, அந்த டிக்கெட்டைத் தாரும் பார்ப்பம்." அவள் பாதி டிக்கெட்டைக் கொடுத்தாள். சட்டைப் பையிலிருந்து துளையிடும் கருவியை எடுத்தார். அதையும் கொண்டுவந்திருந்தார். டிக்கெட்டில் இரண்டு துளை போட்டு, கோப்பில் சான்றிதழுக்கு மேலே கோத்து, அட்டையை மூடி நாடாவைக் கட்டினார்.

"முடிஞ்சுது" என்றார்.